முத்துப்பேச்சி கேட்ட சன்னல்

முத்துப்பேச்சிக்கு முப்பது வயது தாண்டியபோதே கண் கெட்டுவிட்டது. எதிரே ஓர் ஆள் நின்றால் ஆள் என்று தெரியும். யார் என்று தெரியாது. விதி என்றார்கள் சிலர். முன் பிறவியில் யார் கண்ணையோ குத்தியிருப்பாள் என்றார்கள் சிலர். அவள் கண்ணைக் கெடுத்தது விதியுமல்ல, முன் பிறவியுமல்ல. எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள ஓர் அறை. அதை எந்தக் கடவுளும் வானத்திலிருந்து இறக்கி வைக்கவில்லை. அவளுடைய மாமனார் மாடக்கண்ணு நின்று, அளந்து, கூலி கொடுத்துக் கட்டினார்.

முத்துப்பேச்சி சேத்தூரில் பிறந்தவள். 1926-ல், பதினாறு வயதில், இராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவன் சேதுபதி பட்டாளத்தில் இருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். அப்போது மாடக்கண்ணுவின் குடும்பம் ஊருக்குக் கிழக்கே மண் சுவர் வைத்த கூரை வீட்டில் இருந்தது. வீட்டுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. மழை பெய்தால் நாலு இடத்தில் ஒழுகும். ஆனால் அடுப்பு வெளியே முற்றத்தில், தென்னங்கீற்றுப் பந்தலுக்கு அடியில் இருந்தது. பருத்திமார் என்னும் காய்ந்த செடித்தண்டு எரிந்து எழும்பும் புகை பந்தலைத் தாண்டி மேலே போய்விடும். சமைத்துக்கொண்டே முத்துப்பேச்சி தெருவில் போகிற வண்டியைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசுவாள். அந்த இரண்டு வருஷமும் அவள் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது.

பிறகு பருத்தி நல்ல விலைக்குப் போயிற்று. பணம் வந்தவுடன் நம் மனிதர்கள் முதலில் செய்கிற காரியம் சுவர் எழுப்புவது. இரண்டாவது காரியம் அந்தச் சுவருக்குள் பெண்ணைத் தள்ளிக் கதவைச் சாத்துவது. 1928-ல் மாடக்கண்ணு அதே மனையில் காரை வீடு கட்டத் தொடங்கினார்.

வடக்குப் பார்த்த வீடு. முன்னால் ஆண்கள் உட்காரும் கூடம். அதற்கு மூன்று சன்னல். அடுத்தது பெண்கள் புழங்கும் நடுக்கூடம். அதன் பின்னால் ஒரு பக்கம் பருத்தி மூட்டை அடுக்கும் அறை, மறுபக்கம் அக்கினி மூலையில் அடுப்படி. ஏழடி ஆகாது, ஒன்பதடியும் ஆகாது என்று மனை சாஸ்திரம் பார்க்கிறவர் சொன்னதால் அடுப்படியின் நீளம் எட்டடியில் நின்றது. அதன் மேற்கே பருத்தி அறைச் சுவர், வடக்கே நடுக்கூடம். தெற்குச் சுவரை ஒட்டி மாட்டுத்தொழு. அதற்கு மூன்று பக்கமும் திறப்பு, மாட்டுக்குக் காற்று வேண்டுமல்லவா! மிச்சம் இருந்தது கிழக்குச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவருக்கு அப்பால் ஆறடிச் சந்து. சந்தைத் தாண்டினால் வேதக்காரர் தெரு. இரண்டு தலைமுறைக்கு முன்னால் அதற்குச் சேரி என்று பெயர். அங்கே ஒரு சிறு கோவிலைக் கட்டிச் சிலுவை நட்ட பிறகு வேதக்காரர் தெரு ஆயிற்று. ஊராருக்கு அது எப்போதும் சேரிதான்.

வீட்டைக் கட்டிய கொத்தனார் தேவஇரக்கம் அந்தத் தெருக்காரர்.

சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தபோது சேதுபதி லீவில் வந்தான். கிணற்றடியில் அவனுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றும்போது முத்துப்பேச்சி கேட்டாள்.

"அடுப்படிக்கு ஒரு சன்னல் வைக்கச் சொல்லுங்க. நாலு பக்கமும் சொவரு எழும்புது. புகை எப்படிப் போகும்?"

"எங்க பட்டாளத்துக் குசினியில ஆறு சன்னலு இருக்குட்டி. மேல ஒரு புகைக்கூண்டு வேற. உள்ள புகையே நிக்காது" என்றான் சேதுபதி.

"ஆறு வேண்டாம். ஒண்ணு போதும். மாமாட்ட சொல்லுவியளா?"

"சொல்லுதேன், சொல்லுதேன்."

சேதுபதி அப்பாவிடம் சொல்லவில்லை. அவன் துப்பாக்கிக்கு எதிரே நின்றவன். அப்பாவுக்கு எதிரே நின்றதில்லை. கொத்தனாரிடம் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டான். தேவஇரக்கம்தான் மறுநாள் பேச்சை எடுத்தார். மனை பார்க்கிறவரும் அன்று வந்திருந்தார்.

"மொதலாளி, அடுப்படிக்குக் கெழக்க ஒரு சன்னல் விட்டுருவமா? பொம்பளையாளு புகையில நிக்கணும்லா?"

மாடக்கண்ணு மனை பார்க்கிறவரைப் பார்த்தார். அவர் விரலை மடக்கினார்.

"வாசல் அஞ்சு, சன்னல் மூணு. ஆக எட்டு. ஒண்ணு கூட்டினா ஒம்பது. ஒத்தப்படை. வீட்டுல ஆளு தங்காது."

"அப்ப ரெண்டு கூட்டிருவோம், சாமி" என்றார் தேவஇரக்கம்.

"பத்து. பூச்சியத்துல முடியும். பொருளு தங்காது."

"மூணு?"

"பதினொண்ணு. மறுபடியும் ஒத்தப்படை."

"நாலு?"

"பன்னெண்டு. பேஷா வைக்கலாம்."

தேவஇரக்கம் தலையைச் சொறிந்தார். "ஒரு பொம்பளை மூச்சு விடணும்னா நாலு சன்னல் வேணுமாக்கும்! எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு வாசல்தான், சன்னலே கெடையாது. ஒத்தப்படையிலயே பொறந்து ஒத்தப்படையிலயே சாகுதோம். அதான் எங்ககிட்ட ஆளும் தங்கல, பொருளும் தங்கல போல."

கல் சுமந்த பெண்கள் சிரித்தார்கள். மாடக்கண்ணுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அரைச் சுவருக்குப் பின்னாலிருந்து முத்துப்பேச்சியின் குரல் கேட்டது. மாமனாரோடு நேரே பேசக்கூடாது. ஆகவே பக்கத்தில் நின்ற மாமியார் கருத்தம்மாளிடம் சொல்வதுபோல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அத்தை, முன்கூடத்துல மூணு சன்னல் இருக்கே. அதுல ஒண்ண அடைச்சிட்டு அடுப்படியில வச்சா, எண்ணிக்கை எட்டுலயே நிக்குமே?"

மனை பார்க்கிறவர் மறுபடியும் விரலை மடக்கிப் பார்த்தார். கணக்கு எட்டில்தான் நின்றது. பள்ளிக்கூட வாசலை மிதியாத பதினெட்டு வயதுப் பெண், அவர்களுடைய மூடக் கணக்கை அவர்களுடைய கணக்காலேயே நேர் செய்துவிட்டாள். ஆனால் நம் நாட்டில் சாஸ்திரம் தோற்கிற இடத்தில் நியாயம் ஜெயிப்பதில்லை. அங்கே மாமனார் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

"நாலு ஆம்பளைய வந்து உக்காருத எடத்துல காத்தை அடைக்கணுமாம். எம்புட்டு வாய்!" என்றார் மாடக்கண்ணு. பிறகு தேவஇரக்கத்தை வைத்துக்கொண்டே சொன்னார்: "கெழக்க சன்னல் வச்சா இவன் தெருக்காரனுவ பார்வை எஞ்சோத்துப் பானையில விழும். அது ஒண்ணு போதும், குடும்பம் வெளங்கிரும். ஏலே, சாந்து காயுது. வேலையப் பாரு."

தேவஇரக்கம் கரண்டியை எடுத்தார். அந்தச் சுவரை வைத்ததும் அவர் கைதான். அப்போது தீட்டு இல்லை. சுவர் முடிந்தபிறகு அவர் கண்ணுக்கு மட்டும் தீட்டு வந்துவிட்டது.

வீடு முடிந்து பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள், அடுப்படிக்குக் கடைசி வெள்ளை அடித்துவிட்டு அவர் வெளியே வந்தார். முத்துப்பேச்சி தொழுவில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அவர் நிற்கவில்லை, நடந்துகொண்டே சொன்னார்.

"தாயி, கெழக்குச் சொவத்துல, ஒங்க தலைக்கு ஒரு சாண் மேல, நாலு கல்லுக்குச் சுண்ணாம்பு வைக்கல. வெறும் மண்ணுதான். முடியாதுன்னு தோணுத அன்னைக்கு அகப்பைக் காம்பால குத்துங்க. வந்துரும்."

"மாமாவுக்குத் தெரிஞ்சா ஒங்களக் கொன்னு போடுவாவளே, கொத்தனாரே!"

"அவிய அடுப்படிக்குள்ள வந்தாத்தான தெரியும்?"

அது சரிதான். முன்கூடத்தில் உட்காரும் ஆண் நடுக்கூடம் வரை வருவான், அங்கே உண்பான், கை கழுவுவான், திரும்பிப் போவான். தன் வீட்டு அடுப்படியின் உட்புறம் எந்த நிறம் என்று அவனுக்குத் தெரியாது.

முத்துப்பேச்சி ஆறு வருஷம் அந்தச் சுவரைத் தொடவில்லை. பயம். பால் காய்ச்சிய சில மாதத்தில் ஒரு மகள் பிறந்தாள். சீனியம்மாள் என்று பெயர். விடியுமுன் அடுப்புப் பற்ற வைத்தால் கூழ், பிறகு சோறு, பிறகு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைப்பது, மறுபடியும் சோறு என்று பொழுது அடையும் வரை அந்த அறைதான். பருத்திமார் ஈரமாக இருந்தால் ஊதுகுழலில் ஊத ஊதப் புகை முகத்திலேயே மோதும். வெளியேற ஒரே வழி நடுக்கூடத்து வாசல். அந்தக் கதவையும் ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தால் சாத்திவிட வேண்டும். புகை அவர்கள் இலைக்கு வந்துவிடக் கூடாது.

சேதுபதி லீவில் வந்தாலும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச அந்த வீட்டில் ஓர் அறை இல்லை. பருத்தி மூட்டைக்கு அறை இருந்தது. அவன் முன்கூடத்தில் அப்பாவோடு படுப்பான். இவள் நடுக்கூடத்தில் மாமியாரோடு படுப்பாள். அவர்கள் பேசியதெல்லாம் கிணற்றடியில், வாளி ஏறி இறங்கும் நேரத்துக்குள். ஒரு வருஷத்துப் பேச்சை வாளித் தண்ணீருக்குள் அடக்க முடியுமா? "சொகமா?" "சொகந்தான்." அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். நம்மவர்கள் குடும்ப ஒற்றுமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மேடை மேடையாகப் பேசுகிறார்கள். வீடு கட்டுகிறவன் யாரை யாரோடு பேசவிடக் கூடாது என்று நினைக்கிறானோ, அங்கே ஒரு சுவர் வைத்துவிடுகிறான். அதற்குமேல் உபதேசம் எதற்கு?

ஆறாவது வருஷம் கண்ணில் சீழ் கட்டிற்று. கருத்தம்மாள் தாய்ப்பால் பிழிந்து விட்டுப் பார்த்தாள், நந்தியாவட்டைப் பூ வைத்துப் பார்த்தாள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா இமையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டில் எந்தப் பக்கம் புகை போகிறது?" என்று கேட்டார்.

"எந்தப் பக்கமும் போகல" என்றாள் முத்துப்பேச்சி.

"அப்படியானால் இந்த மருந்தும் போதாது. இன்னும் பத்து வருஷம் அந்த அறையில் இருந்தால் பார்வை இருக்காது."

திரும்பி வரும்போது ரயிலில் கருத்தம்மாள் கேட்டாள்: "நான் முப்பது வருஷம் அடுப்பு ஊதலயாட்டி? எங்கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"நீங்க பந்தலுக்கடியில ஊதினிய அத்தை. நான் பொட்டிக்குள்ள இருந்து ஊதுதேன்."

கருத்தம்மாள் ரயில் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

அந்த ஆடி மாதம் மாடக்கண்ணு சங்கரன்கோவில் தபசுத் திருவிழாவுக்குப் போனார். மூன்று நாள் வீட்டில் ஆண் வாடை இல்லை. முதல் நாள் காலையில் முத்துப்பேச்சி அகப்பையைத் திருப்பிப் பிடித்துக் கிழக்குச் சுவரில் குத்தினாள். முதல் கல் சந்துப் பக்கம் விழுந்தது. மற்ற மூன்றும் கையோடு வந்தன.

ஒரு முழ அகலம், ஒரு சாண் உயரம். அவ்வளவுதான். அதன் வழியே வெயில் வந்து எதிர்ச் சுவரில் விழுந்தபோது அந்தச் சுவர் கறுப்பு என்பதை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். புகை தரையைவிட்டு எழுந்து, கொஞ்சம் தயங்கி, ஓட்டையைக் கண்டுபிடித்து வெளியே போயிற்று. ஐந்து வயதுச் சீனியம்மாள் வெயில் விழுந்த இடத்தில் கையை வைத்து எடுத்து, வைத்து எடுத்து விளையாடினாள். கருத்தம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று முத்துப்பேச்சி தலை குனிந்து நின்றாள்.

"நடுக்கூடத்துலயும் எனக்கு இப்படி ஒண்ணு வைக்கலாம்னு ஒருத்தருக்கும் தோணல பாத்தியா" என்றாள் கருத்தம்மாள். மத்தியானம் வெற்றிலையை இடித்துக்கொண்டு அந்த ஓட்டைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தாள்.

மாடக்கண்ணு திரும்பி வந்தார். தேவஇரக்கம் சொன்னதுபோல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆவணி முழுவதும் முத்துப்பேச்சியின் கண்ணில் சீழ் இல்லை, சிவப்பும் குறைந்தது.

புரட்டாசியில் உழவு மாட்டில் ஒன்று செத்தது. அடைப்பான் நோய். ஊரில் பதினேழு மாடு அந்த மாதம் அதே நோயில் செத்தது. ஆனால் மாடக்கண்ணு மாட்டு டாக்டரைத் தேடவில்லை. மனை பார்க்கிறவரைத் தேடினார். அவர் வந்து வீட்டைச் சுற்றி நடந்தார். சந்துக்குள் நுழைந்தார். அண்ணாந்து பார்த்தார். சுவரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"ஒம்பது!" என்று கத்தினார்.

மாடக்கண்ணு வீடு கட்டிய காலத்திலிருந்து முதல் தடவையாகத் தன் அடுப்படிக்குள் நுழைந்தார். தலை நிலையில் இடித்துக்கொண்டது. கருத்தம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

"இது சன்னலா? நாலு கல்லு விழுந்த ஓட்டை. எலி வளையையும் சேத்து எண்ணுவியளா? அப்படி எண்ணினா இந்த வீட்டுல நூத்துக்கு மேல வரும்."

"எலி இருட்டுக்குத்தான் வளை தோண்டும்" என்றார் மனை பார்க்கிறவர். "காத்தும் வெளிச்சமும் வந்தா அது சன்னல்தான்."

அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது. காற்றும் வெளிச்சமும் வந்தன, அதுதான் குற்றம்.

சந்தில் கிடந்த கல்லை எடுத்துப் பார்த்தபோது சுண்ணாம்பு இல்லை, மண் என்று தெரிந்துவிட்டது. தேவஇரக்கத்தைக் கூட்டி வந்தார்கள்.

"ஏலே, எங்குடும்பத்துக்குக் குழி வெட்டிட்டியேலே!"

"மொதலாளி, நான் வெஷம் வைக்கல. மண்ணுதான் வச்சேன்" என்றார் தேவஇரக்கம்.

அடித்தார்கள். சுண்ணாம்பைக் குழைத்துக் கொடுத்து, அவர் கையாலேயே அந்த ஓட்டையை அடைக்கச் சொன்னார்கள். அவர் சந்துப் பக்கம் நின்று அடைத்தார். உள்ளே முத்துப்பேச்சி அடுப்பு முன்னால் நின்றாள். ஒவ்வொரு கல்லாக ஏறிற்று. கடைசிக் கல் ஏறுமுன், "தாயி, மன்னிச்சிருங்க" என்று அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது.

அதன் பிறகு இராஜபாளையத்தில் சொந்த நிலம் உள்ள எவனும் தேவஇரக்கத்துக்கு வேலை கொடுக்கவில்லை. மனைவி ரோசம்மாளையும் கூட்டிக்கொண்டு அவர் கொழும்புக்குக் கப்பலேறினார். திரும்பி வரவில்லை. ஓட்டையை அடைத்த பதினோராம் நாள் மாடக்கண்ணுவின் இரண்டாவது மாடும் செத்தது. அதற்கு யாரும் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை.

அதன் பின் பத்து வருஷம். அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? பருத்திமார், புகை, சோறு. இராஜபாளையத்தில் நூல் மில் வந்தது. ஆயிரக்கணக்கான நூற்புக் கதிர் சுழல்கிற அந்தக் கட்டடத்தின் கூரை நெடுகச் சன்னல் வைத்தார்கள்; நூலுக்கு வெளிச்சம் வேண்டும். உலகத்தில் இரண்டாவது யுத்தம் வந்தது. சேதுபதி காலில் குண்டுக் காயத்தோடு பென்ஷன் வாங்கி வீடு வந்து சேர்ந்து, முன்கூடத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தான். முத்துப்பேச்சிக்கு முதலில் தூரம் மங்கிற்று, பிறகு கிட்டமும் மங்கிற்று. உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்ன கெடு பிசகவில்லை.

தன் கண்ணைப் பற்றி அவள் பேசுவதை விட்டுவிட்டாள். பேச்செல்லாம் மகளைப் பற்றித்தான். சீனியம்மாளை அடுப்படிக்குள் அவள் விடுவதில்லை. "நீ தொழுவுக்குப் போ, காட்டுக்குப் போ, இங்க வராத" என்று விரட்டுவாள். பதினைந்து வயதில் பெண்ணுக்குச் சோறு பொங்கத் தெரியாது என்று உறவுக்காரர்கள் ஏளனம் செய்தார்கள். முத்துப்பேச்சி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

1944-ல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. கருத்தம்மாளின் அண்ணன் பேரன், போலீஸ் உத்தியோகம், பெரிய காரை வீடு. மாடக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. முத்துப்பேச்சி கிணற்றடியில் சேதுபதியை நிறுத்தினாள்.

"மாப்பிள்ளை கறுப்போ செவப்போ எனக்கு வேண்டாம். நிலம் எம்புட்டுன்னும் கேக்க மாட்டேன். அடுப்படியில சன்னல் இருந்தாச் சரி, இல்லேன்னா வேண்டாம். நான் வந்து பாத்துச் சொல்லுதேன். பொறவுதான் நீங்க வெத்தலை மாத்தணும்."

"ஒனக்குத்தான் கண்ணு தெரியாதேட்டி, எப்படிப் பாப்ப?"

"கையி இருக்குல்ல?"

சேதுபதி வாளியைக் கீழே வைத்தான். பிறகு, "சரி. நீ சொன்ன பொறவுதான்" என்றான். அவள் அவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவனிடம் அவள் வாங்கிய ஒரே சத்தியம் அது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை ரயிலில் போனார்கள். மாடக்கண்ணுவும் சேதுபதியும் தெரு வாசல் வழியே முன்கூடத்துக்குப் போனார்கள். கருத்தம்மாளையும் முத்துப்பேச்சியையும் கொல்லை வாசல் வழியே உள்ளே கூட்டிப் போனாள் மாப்பிள்ளையின் தாய் குருவம்மாள். நல்ல மனுஷி, சிரித்த முகம் என்று குரலிலேயே தெரிந்தது.

"உக்காருங்க மதினி. செத்த நேரத்துல எலை போட்டுருதேன்."

"அடுப்படிய ஒருக்கப் பாத்துக்கிடட்டா?" என்றாள் முத்துப்பேச்சி.

"அதுக்கென்ன, ஒங்க மக ஆளப்போற எடந்தானே, வாங்க!"

வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. புகை நடுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆனாலும் உள்ளே போனாள். இடது கையைச் சுவரில் வைத்து நடந்தாள். முதல் சுவர், கரி பிசுபிசுத்தது, இடைவெளி இல்லை. இரண்டாவது சுவர், அடுப்புச் சூடு, இடைவெளி இல்லை. மூன்றாவது சுவரில் தோள் உயரத்தில் அவள் விரல்கள் ஒரு விளிம்பில் பட்டு உள்ளே போயின. முத்துப்பேச்சி நின்றுவிட்டாள். கையை இன்னும் உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரை போயிற்று. அவள் முகம் மலர்ந்ததைக் குருவம்மாள் பார்த்தாள். அடுத்த கணம் விரல் நுனி கல்லில் முட்டிற்று. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது.

"அது வெளக்கு மாடம் மதினி. பகல்லயும் வெளக்கு வேணும் பாத்துக்கிடுங்க, இங்க அம்புட்டு இருட்டு" என்றாள் குருவம்மாள் வெகுளியாக.

நான்காவது சுவரையும் தடவி முடித்தாள். அதில் வாசல் மட்டும் இருந்தது.

"எனக்குச் சம்மதமில்ல" என்றாள்.

"என்ன மதினி?"

"அவியள்ட்ட போய்ச் சொல்லணும். எனக்குச் சம்மதமில்ல."

குருவம்மாள் திகைத்துக் கருத்தம்மாளைப் பார்த்தாள். கருத்தம்மாள் மருமகளின் கையிலிருந்த கரியைத் தன் முந்தானையால் துடைத்தாள். முத்துப்பேச்சி கையை உருவிக்கொண்டு, "இங்கேருங்க! இங்கேருங்க!" என்று கணவனைக் கூப்பிட்டாள். அடுப்படிக்கும் முன்கூடத்துக்கும் நடுவே இரண்டு சுவர், ஒவ்வொன்றும் ஒன்றரை முழம் கனம். பெண் குரல் ஆண்கள் காதில் விழக்கூடாது என்றே அந்தக் கனம் வைக்கிறார்கள். அங்கே அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தைக் கடந்து, சாத்தியிருந்த கதவைத் தட்டினாள். சேதுபதி கதவை ஒருக்களித்துத் திறந்தான். அவன் வாயிலிருந்து புது வெற்றிலை வாசம் வந்தது.

"சன்னல் இல்ல" என்றாள்.

"ஏட்டி, மெல்லப் பேசு."

"சன்னல் இல்லேங்கேன். வேண்டாம்னு சொல்லுங்க."

"மாத்தியாச்சு."

"நான் பாத்துச் சொல்லுதேன்னு சொன்னேனே. சத்தியம் பண்ணினியளே."

"வந்து உக்காந்ததும் அப்பா தட்டை நீட்டிட்டாவ. நாலு பேரு முன்னால நான் என்ன செய்ய? செத்த நேரம் முன்னால வந்திருக்கக் கூடாதா?"

"செத்த நேரம் முன்னால சொவத்தத் தடவிக்கிட்டிருந்தேன்" என்றாள் முத்துப்பேச்சி.

உள்ளேயிருந்து மாடக்கண்ணு, "என்னலே அங்க?" என்றார். சேதுபதி கதவைச் சாத்தினான்.

அவளிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. சம்பந்தம் பேசப் போன வீட்டில் பெண்ணைப் பெற்றவள் கை நனைத்துச் சாப்பிட்டால்தான் சம்மதம். இலையில் கை வைக்காமல் எழுந்துவிட்டால், வெற்றிலை மாற்றியிருந்தாலும் முறிந்தது முறிந்ததுதான். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அந்தச் சாதிக்குள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. பெண்ணுக்கு என்று விட்டு வைத்த ஒரே உரிமை.

விருந்து என்பதால் ஆண்களுக்கு முன்கூடத்திலேயே இலை போட்டார்கள். பெண்களுக்கு அடுப்படியில். முத்துப்பேச்சி இலை முன்னால் உட்கார்ந்தாள். குருவம்மாள் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், அப்பளம் வைத்தாள். முத்துப்பேச்சி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறிற்று.

"மதினி, ஒரு வாயி" என்றாள் குருவம்மாள்.

"நான் கை நனைக்கல" என்றாள் முத்துப்பேச்சி உரக்க. "எல்லாரும் பாத்துக்கிடுங்க. நான் கை நனைக்கல."

பார்க்க அங்கே யார் இருந்தார்கள்? கருத்தம்மாள் இருந்தாள், அவள் தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். குருவம்மாள் இருந்தாள், மகனுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் அவளுக்கு. கேட்க வேண்டியவர்கள் இரண்டு சுவருக்கு அப்பால் பாயசத்துக்கு இலையை வழித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வழக்கம் முற்றத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட காலத்தில் உண்டானது. வீட்டை மாற்றிக் கட்டியவர்கள் வழக்கத்தை ஒழிக்கவில்லை. ஒழிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு ஏற்படவில்லை.

முன்கூடத்துக் கதவு திறந்து ஒரு குரல் வந்தது: "பொம்பளைய சாப்பிட்டாச்சா?"

குருவம்மாள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு முத்துப்பேச்சியின் இலையை அப்படியே சுருட்டி எடுத்தாள்.

"ஆச்சு, ஆச்சு" என்று நடுக்கூடத்துக்கு வந்து குரல் கொடுத்தாள்.

இலை தொழுவுக்குப் போயிற்று. மாடு தின்றது. சாயங்கால ரயிலில் நாலு பேரும் ஊர் திரும்பினார்கள். மாடக்கண்ணு வழி நெடுகச் சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைப் புகழ்ந்துகொண்டு வந்தார். தை மாதம் கல்யாணம் நடந்தது. மூன்றாம் நாள் காலையில் சீனியம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். பருத்திமார் ஈரமாக இருந்தது. ஊதுகுழலை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. குருவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.